உயரம் கூட்டிய ஜீப்பில் ஸ்டியரிங் உதறல்: டாம்பர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மலையோர ஊர்களில் கடை நடத்தும் வணிகர்கள் பலர், லாரி ஏறாத பாதையில் சரக்குக் கொண்டுபோக ஒரு பழைய ஜீப் வைத்திருப்பது வழக்கம். அடிபாகம் கல்லில் இடிக்காமலிருக்கப் பட்டைகளை மாற்றி, வண்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கி, பெரிய டயரும் மாட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு தார்ச்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் இடமும் வலமும் உதறத் தொடங்குகிறது. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும். மூட்டையும் ஆளும் ஏற்றிய வண்டியில் இது உயிருக்கு ஆபத்து.

ஒர்க்‌ஷாப்பில் காட்டியதும், "டாம்பர் போட்டால் சரியாகிவிடும், இரண்டாகப் போட்டால் இன்னும் நல்லது" என்று சொல்வார்கள். டாம்பர் என்பது படுக்கவைத்த ஷாக் அப்சார்பர்தான். ஒரு முனை அச்சிலோ சேசிஸிலோ நிற்கும். மறுமுனை டை ராடைப் பிடித்திருக்கும். உள்ளே எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே போகவேண்டியிருப்பதால், நாம் மெதுவாகத் திருப்புவதை விட்டுவிட்டுத் திடீர் உதறலை மட்டும் தடுக்கிறது. நல்ல சாமான்தான். ஆனால் தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு டாம்பர் போடுவது, கல்லாவில் குறைகிற பணத்தைக் கைமாற்று வாங்கி நிரப்புவது போன்றது. ஓட்டை அப்படியே இருக்கும்.

இந்த உதறல் முன்பக்கம் ஒரே அச்சாக உள்ள வண்டிகளுக்கே உரியது. மஹிந்திரா எம்.எம். 540, மாருதி ஜிப்ஸி, 2023இல் வந்த ஜிம்னி எல்லாம் இந்த வகை. சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் தானாக நேர்வழிக்குத் திரும்புகிறது. ஜீப்பிலும் அந்தச் சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். வண்டியைத் தூக்கும்போது அச்சு சற்றுத் திரும்பி இந்தச் சாய்வு குறைந்துவிடுவதுண்டு. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே சாய்வான இரும்பு ஆப்பு வைத்து இதைச் சரிசெய்யலாம். பெரிய டயரின் எடை, சரியாகச் செய்யாத பேலன்சிங், தளர்ந்த கிங்பின் பேரிங், டை ராடு எண்ட், வீல் பேரிங், ஷாக்கிள் புஷ் ஆகியவையும் காரணமாகும். சுருள் ஸ்பிரிங் வண்டியானால் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் டிராக் ராடின் போல்ட்டை முதலில் பார்க்கவும்.

சோதனை எளிது. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது ஆட்ட, மற்றொருவர் கீழே ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்க்கட்டும். எங்கே தளர்ச்சி என்று கை சொல்லிவிடும்.

டாம்பரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 2018 மாடல் ஜீப் ரேங்லரில் உதறல் புகார் எழுந்தபோது, கம்பெனி 2019இல் அமெரிக்காவில் டாம்பரையே மாற்றிக் கொடுத்தது.

மூட்டுகளைச் சரிசெய்த பிறகு பெரும்பாலான வண்டிகளுக்கு ஒற்றை டாம்பரே போதும். வாயு அடைத்த டாம்பரின் தண்டு எப்போதும் வெளியே தள்ளும். ஒன்று மட்டும் போட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கக்கூடும். ஆகையால் ஒற்றைக்கு எண்ணெய் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குவது நலம். எதிரெதிராக இரண்டு போட்டால் இழுப்பு சமமாகும், ஆனால் ஸ்டியரிங் கனத்து, வளைவில் திரும்பியபின் மெதுவாகவே நேராகும். மிகப் பெரிய டயர் போடாதவருக்கு அது வீண் செலவு என்பது எம் கருத்து. சக்கரம் நேராக நிற்கையில் தண்டு பாதி வெளியே இருக்கவேண்டும். இருபுறமும் முழுக்கத் திருப்பும்போது, ஸ்டியரிங் நிற்குமுன் டாம்பர் முட்டக்கூடாது. முட்டினால் திருப்பம் குறையும். கொண்டை ஊசி வளைவில் அதன் பலன் தெரியும்.

சட்டத்தையும் கவனிக்கவும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இதைக் காட்டித் தகராறு செய்ய இடமுண்டு. உயரம் கூட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவும்.