உங்களுக்குத் தெரியுமா? ரெகேடோனில் ஒரு பெண்குரல்

ரெகேடோன் இசை என்றாலே பெண்களை மட்டம்தட்டும் ஆண்களின் பாட்டு என்ற குற்றச்சாட்டு பழையது. பல பாடல்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் அந்த இசையை முழுக்க ஆண்களின் கணக்கில் எழுதிவிட முடியாது; பாடகி ஐவி குயினின் வாழ்க்கையே அதற்குச் சான்று. புவேர்ட்டோ ரிக்கோவில் 1972-இல் பிறந்த அவரது இயற்பெயர் மார்த்தா இவெலிஸ் பெசாந்தே. 1990-களின் நடுவில் சான் ஹுவானின் ‘த நாய்ஸ்’ குழுவில் ஆண்களுக்கு நடுவே ராப் பாடத் தொடங்கினார். காவல்துறை கடைகளில் புகுந்து இவ்வகை ஒலிநாடாக்களைப் பறிமுதல் செய்த காலம் அது. அவருடையது கனத்த குரல். அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். அவரது ‘கியேரோ பைலார்’ பாடல் சொல்வது இதைத்தான்: ஒருவனோடு ஆட இணங்குவது அவனோடு படுக்கைக்குப் போக இணங்குவதாகாது. உடலை ஒட்டி ஆடும் பெர்ரேயோ நடனத்தையே அரசியல்வாதிகள் கண்டித்துக்கொண்டிருந்த நேரத்தில், நடனத்தையும் விடாமல், மறுக்கும் உரிமையையும் விடாமல் நின்றார். கண்டித்தவர்கள் எவரும் பெண்களுக்கு இவ்வளவு மரியாதை தரவில்லை.

ஒருவரைக் காட்டி ஓர் இசை வகையையே நியாயப்படுத்தலாமா? நியாயமான கேள்விதான்; நெடுங்காலம் அவர் ஏறக்குறையத் தனியாகவே நின்றார். ஆனால் 2023-இல் கொலம்பியாவின் ரெகேடோன் பாடகி கரோல் ஜி, ஸ்பானிய மொழி ஆல்பத்தோடு அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பெண்ணானார்.