'எல்லாரும் வாங்குறாங்க' என்பதற்காக மனை வாங்கலாமா? கூட்டத்தோடு போவதில் உள்ள ரிஸ்க் என்ன?

"இந்த ரோ முடிஞ்சு போச்சு சார், இன்னும் ரெண்டே மனைதான் இருக்கு." சென்னை புறநகரில் சைட் பார்க்கப் போன பலரும் கேட்டிருக்கும் வார்த்தை இது. இலவச வேன், மதிய சாப்பாடு, வேனில் கூடவே வரும் பத்து குடும்பங்கள். அதில் நாலு குடும்பம் அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், மீதி ஆறு குடும்பத்துக்கும் கை பரபரக்கும்.

ஆபீஸில் ஒருவர் வாங்கினார், மச்சான் வாங்கினார், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப் பேர் வாங்கிவிட்டார்கள். "இத்தனை பேர் விசாரிக்காமலா வாங்குவாங்க?" என்ற ஒரே கேள்வியில் 20 வருட சேமிப்பு கைமாறிவிடுகிறது. உண்மையில் அந்த இத்தனை பேரில் எத்தனை பேர் விசாரித்தார்கள்?

கூட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பது ஏன்?

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. 2019-ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, 1992-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதை இரண்டு ஓட்டல்களை வைத்து விளக்கினார்.

பக்கத்து பக்கத்தில் 'ஏ', 'பி' என இரண்டு ஓட்டல்கள். 'ஏ' கொஞ்சம் மேல் என்பது ஊரில் பொதுவான எண்ணம். ஆனால் சாப்பிட வரும் 100 பேரில் 99 பேருக்கு, 'பி' தான் நல்லது என்று தனித்தனியாகத் தகவல் கிடைத்திருக்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் 'ஏ' நல்லது என்று தகவல். அவர்தான் முதலில் வருகிறார், 'ஏ'-க்குள் போகிறார். இரண்டாவது ஆள் அதைப் பார்த்து, 'அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு' என்று நினைக்கிறார். தன் தகவலும் அவர் தகவலும் சரிக்குச் சரி ஆகிவிட, ஊர் எண்ணப்படி அவரும் 'ஏ'-க்குப் போகிறார். மூன்றாவது ஆள் இரண்டு பேரைப் பார்க்கிறார். கடைசியில் 'ஏ' நிரம்பி வழிகிறது, 'பி' காலி.

இதில் யாருமே முட்டாள் இல்லை. ஆனால் 99 பேரிடம் இருந்த தகவல் வெளியே வராமலே போய்விட்டது. கூட்டம் பெரிதாகத் தெரிந்தாலும், அதன் பின்னால் இருப்பது ஒரே ஒருவரின் தகவல்தான். மனை வாங்குவதிலும் இதேதான் நடக்கிறது. நீங்கள் மச்சானை நம்புகிறீர்கள், மச்சான் ஆபீஸ் நண்பரை நம்பினார், அந்த நண்பர் புரோக்கரை நம்பினார்.

கூட்டமே மொத்தமாக மாட்டிய கதை

தமிழ்நாட்டில் இதற்கு நேரடி உதாரணம் அங்கீகாரம் இல்லாத மனைகள். விவசாய நிலத்தை வாங்கி, கல் நட்டு, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்பது பல வருடங்களாக நடந்தது. மனைப்பிரிவுக்குத் தேவையானது சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி. ஆனால் பத்திரப்பதிவு தடையில்லாமல் நடந்ததால், "பதிவே ஆகுது, அப்புறம் என்ன?" என்று ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள்.

2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. விவசாய நிலங்கள் இஷ்டத்துக்கு மனைகளாக மாற்றப்படுவதற்கு எதிரான பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்தவர்களால் விற்க முடியவில்லை. 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள வழி கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'எல்லாரும் வாங்கியிருக்காங்க, ஒண்ணும் ஆகாது' என்ற நம்பிக்கை அந்த ஒரே உத்தரவில் தலைகீழானது. எல்லாரும் வாங்கியதால் ரிஸ்க் குறையவில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் வந்தது, அவ்வளவுதான்.

நிலத்தில் ரிஸ்க் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

பங்குச்சந்தையில் விலை இறங்கினால் போனிலேயே சிவப்பாகத் தெரியும். மனைக்கு அப்படி ஒரு திரை கிடையாது. "அந்த ஏரியாவுல இப்போ சதுர அடி இவ்வளவு போகுது" என்று காதில் விழுவது பெரும்பாலும் விற்பவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறாரா என்பது விற்கப் போகும்போதுதான் தெரியும்.

இன்னொன்று, உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். வாங்கும்போது வேன் வரும். விற்கும்போது நீங்களே ஆள் தேட வேண்டும். அதே லேஅவுட்டில் உங்களைப் போல இன்னும் 50 பேர் விற்கக் காத்திருந்தால், அவசரத்தில் இருப்பவர்தான் விலையைக் குறைப்பார்.

'இங்க பாலம் வருது, ஏர்போர்ட் வருது' என்ற பேச்சும் விலையை ஏற்றும். சென்னை துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு முதலில் அடிக்கல் நாட்டப்பட்டது 2009-ல். 2012-ல் பணி நின்றது. மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது 2022-ல். அறிவிப்பை நம்பிக் கடன் வாங்கியிருந்தால், திட்டம் நின்றாலும் இஎம்ஐ நிற்காது.

லாபக் கணக்கு சரியா?

"20 லட்சத்துக்கு வாங்கினேன், பத்து வருஷத்துல 30 லட்சம் ஆச்சு" என்று ஒருவர் சொன்னால் பெரிய லாபமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

- மனை விலை: 20 லட்சம் ரூபாய்
- முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%: 1.80 லட்சம்
- மொத்தம் போட்ட பணம்: 21.80 லட்சம்
- விற்கும்போது புரோக்கர் கமிஷன் போகக் கையில் வருவது: சுமார் 29.60 லட்சம்

ஆண்டுக்குக் கிடைத்த வளர்ச்சி சுமார் 3 சதவீதம்தான். அதே 21.80 லட்சம் 6 சதவீத கூட்டு வட்டியில் இருந்திருந்தால், வரிக்கு முன் சுமார் 39 லட்சம் ஆகியிருக்கும். வேலி, முள்செடி சுத்தம் செய்த செலவெல்லாம் இதில் சேரவில்லை.

கடன் வாங்கினால் கணக்கு இன்னும் இறுகும். 50 லட்சம் வீட்டுக்கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் மாத இஎம்ஐ சுமார் 43,400 ரூபாய். கடைசியில் கட்டுவது 1 கோடியே 4 லட்சம். முதலீட்டுக்காக வாங்கிய ஃபிளாட்டில் மாதம் 15,000 வாடகை வந்தால், மீதி 28,400 சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும்.

வீட்டு விலை இறங்கவே இறங்காதா?

அமெரிக்காவிலும் அப்படித்தான் நம்பினார்கள். 2006-ல் உச்சம் தொட்ட வீட்டு விலை, 2012-க்குள் நாடு முழுக்க சராசரியாக நாலில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. சீனாவில் கட்டி முடிக்காத வீடுகளுக்கே மக்கள் பணம் கட்டினார்கள். 2021-ல் எவர்கிராண்டே நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் தவித்தது. 2024 ஜனவரியில் அதைக் கலைக்க ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அப்போ வாங்கவே கூடாதா?

குடியிருக்க வாங்குவது வேறு கணக்கு. அங்கே விலை ஏறினாலும் இறங்கினாலும் தலைக்கு மேல் கூரை இருக்கும். 'விலை ஏறும்' என்பதற்காக மட்டும் வாங்கும்போதுதான் கூட்டத்தின் பேச்சைத் தாண்டி விசாரிக்க வேண்டும்.

டோக்கன் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை:

- டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி எண்ணை வாங்கி, அந்த அலுவலகத்தில் சரிபாருங்கள். நோட்டீஸில் அச்சடித்திருப்பது போதாது.
- 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8-க்கு மேற்பட்ட மனைகள், வீடுகள் கொண்ட புதிய திட்டம் என்றால் ரெரா பதிவு கட்டாயம். பதிவு இருந்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு, லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை.
- வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள்.
- வேனில் போகாமல் தனியாக ஒரு நாள், முடிந்தால் மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.
- அதே லேஅவுட்டில் ஏற்கெனவே வாங்கி, விற்றவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். வாங்கியவர்கள் நூறு பேர் கிடைப்பார்கள். நல்ல விலைக்கு விற்றவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்றால், அதுவே ஒரு தகவல்.

"இன்னைக்கு விட்டா ரேட் ஏறிடும்" என்று அவசரப்படுத்தினால், இந்த வேலைகளுக்கு ஒரு வாரம் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வாரம் தாங்காத மனை, பத்து வருடம் உங்கள் பணத்தைத் தாங்குமா என்று யோசிக்க வேண்டியதுதான்.