ஜாவா வலைப் பயன்பாட்டு வழங்கியின் நினைவக ஒதுக்கீடு: தமிழ் மின்னூலக நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழ் நூல்களையும் ஆய்வேடுகளையும் மின்வடிவில் பேணுவதற்குப் பயன்படும் மென்பொருள்களுள் 'டிஸ்பேஸ்' ஒன்றாகும். 2002ஆம் ஆண்டு வெளிவந்த இது ஜாவா மொழியில் எழுதப்பட்டது. 'டாம்கேட்' வழங்கியில் இயங்கவல்லது. தேடுவோர் பெருகும் வேளையில் இத்தகைய வழங்கி, நினைவகம் போதவில்லை என்னும் பிழைச்செய்தியுடன் முடங்கிவிடுவதுண்டு. அந்நிலையில் ஒதுக்கீட்டை உயர்த்துவது எப்போது தீர்வாகும், எப்போது ஆகாது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தமிழ் எழுத்தும் நினைவகமும்

ஜாவா நிரல் தன் தரவுகளை 'ஹீப்' எனப்படும் நினைவகப் பகுதியில் வைக்கிறது. அதன் உச்ச அளவை நாம் குறிப்பிடாவிடின், பொதுவாகக் கணினி நினைவகத்தின் நான்கில் ஒரு பங்கே கொள்ளப்படும். 8 கிகாபைட் கணினியில் அது ஏறத்தாழ 2 கிகாபைட்.

2017இல் வெளிவந்த ஜாவா 9 முதல், 'லத்தீன்-1' தொகுதிக்குள் அடங்கும் சொற்களுக்கு எழுத்தொன்றுக்கு 1 பைட் போதும். தமிழுக்கு இச்சிக்கனம் கிட்டுவதில்லை. 'தமிழ்' என்பது நம் இலக்கணப்படி மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆகவே அதன் எழுத்துகளுக்கு மட்டும் 10 பைட் தேவை. அப்பெயரை ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தால் எழுதினால் 5 பைட். ஆய்வாளர் வழக்கப்படி ழகரத்திற்குக் கீழ்க்கோடிட்ட உரோமன் எழுத்தை இட்டாலோ, அவ்வெழுத்து அத்தொகுதிக்கு அப்பாற்பட்டதாதலின், முழுச்சொல்லும் 10 பைட் ஆகிவிடும். எனவே ஆங்கிலத் தரவை அளவுகோலாகக் கொண்ட ஒதுக்கீடு தமிழ்த் தொகுப்புக்குப் போதாமற் போகலாம்.

உயர்த்தும் முறை

யூனிக்ஸ் வகைக் கணினிகளில், டாம்கேட்டின் 'பின்' அடைவில் 'செட்என்வி' என்னும் கோப்பை அமைத்து, அதில் 'எக்ஸ்எம்எஸ்' என்னும் தெரிவால் தொடக்க அளவையும், 'எக்ஸ்எம்எக்ஸ்' என்னும் தெரிவால் உச்ச அளவையும் குறிக்க வேண்டும். வழங்கியை மீண்டும் தொடக்கிய பின்னரே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

கருத்திற்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, பிழைச்செய்தி ஹீப்பைச் சுட்டுகிறதா, 'மெட்டாஸ்பேஸ்' பகுதியைச் சுட்டுகிறதா எனக் காண வேண்டும். பின்னதாயின் ஹீப்பை உயர்த்துவதால் பயனில்லை. பழைய வழிகாட்டிகள் கூறும் 'பெர்ம்ஜென்' பகுதி 2014இல் வந்த ஜாவா 8இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவதாக, நினைவகம் முழுவதையும் ஹீப்புக்கே வழங்குதல் தகாது. டிஸ்பேஸின் தேடுபொறியாகிய 'சோலர்', தன் சொல்லடைவுக் கோப்புகளை விரைந்து படிக்க இயங்குதளத்தின் எஞ்சிய நினைவகத்தையே நம்பியுள்ளது. அது குறையின் தேடலும் தளரும்.

மூன்றாவதாக, பயன்படுத்துவோர் தொகை மாறாதிருந்தும், கழிவகற்றத்திற்குப் பின் எஞ்சும் அளவு நாள்தோறும் ஏறுமாயின், அது பெரும்பாலும் நினைவகக் கசிவின் அறிகுறியாகும். ஓட்டைக் குடத்திற்குப் பதிலாகப் பெரிய ஓட்டைக் குடம் வாங்குவதனால், நீர் வற்றும் நேரம் தள்ளிப்போகுமேயன்றி ஓட்டை அடைபடாது.

முடிவுரை

வழங்கியைப் பேணுவோர் கணினித் துறையினராயினும், அதிலுள்ள தரவின் இயல்பை அறிந்தவர்கள் தமிழ்த்துறையினரே. தொகுப்பின் அளவையும், அதில் தமிழ் எழுத்தும் ஒலிபெயர்ப்பும் பெறும் பங்கையும் முன்கூட்டியே எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம். அளந்தறிந்து உயர்த்தும் ஒதுக்கீடே நிலைத்த பயன் தரும்.