வாய்தாவின் விலை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன், 2004 செப்டம்பர் 3-ஆம் தேதி கோயில் வளாகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். விசாரணை நடுநிலையோடு நடைபெற வேண்டும் என்பதற்காக, 2005 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அவ்வழக்கைச் செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றியது. புதுச்சேரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2013 நவம்பர் 27. விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்சாட்சிகளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேரில் ஒருவர் தீர்ப்புக்கு முன்பே கொல்லப்பட்டார். எஞ்சிய 23 பேரும் விடுவிக்கப்பட்டனர்.

தீர்ப்பு சரியா, தவறா என்பதன்று இங்கு கேள்வி. விடுவிக்கப்பட்டவர்கள் ஒன்பது ஆண்டுகள் சுமந்த களங்கத்துக்கு ஈடு என்ன? கொலையுண்டவரின் குடும்பத்துக்குக் கிடைத்த விடை என்ன? சாட்சிகள் பிறழ்ந்ததற்குத் தாமதம் ஒன்றே காரணம் என்று கூறிவிட இயலாது. ஆனால், ஆண்டுகள் நீள நீள நினைவு மங்குகிறது. அச்சத்துக்கும் ஆசைக்கும் இடம் பெருகுகிறது.

விரைவான விசாரணை என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என 1979-இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கில் உச்சநீதிமன்றம் அறிவித்தது. குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தைவிட நெடுநாள் விசாரணைக் கைதிகளாகவே பிகார் சிறைகளில் பலர் வாடியது அவ்வழக்கில்தான் வெளிப்பட்டது. எனினும், விசாரணைக்கு நீதிமன்றங்கள் பொதுவான காலவரம்பு விதிக்க இயலாது என 2002-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு கூறியது. உரிமை உண்டு, கெடு இல்லை.

பொருளியலில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஒருவர் செயலின் செலவை மற்றொருவர் சுமப்பதே அது. வாய்தா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கேட்பவருக்குச் செலவில்லை, கூலியை இழந்து வந்து திரும்பும் சாட்சியும், சிறையில் காத்திருப்பவருமே அதைச் சுமக்கின்றனர். 2022 இறுதியில் நாட்டின் 5.73 லட்சம் சிறைவாசிகளில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள்.

2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, அதிகபட்சத் தண்டனையில் பாதியையும், முதல்முறை குற்றஞ்சாட்டப்பட்டோர் மூன்றில் ஒரு பங்கையும் கழித்திருந்தால் பிணையில் விடுவிக்க வழிசெய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இச்சலுகை இல்லை. அதாவது, கொலை வழக்கில் சிறையிலிருப்பவருக்கு விரைவான விசாரணையின் தேவை இன்னும் கூடுதல்.

அதற்கும் சட்டத்தில் வழியுண்டு. விசாரணையை நாள்தோறும் நடத்த வேண்டும் என்கிறது 346-ஆவது பிரிவு. ஒரு தரப்பின் கட்டுப்பாட்டை மீறிய சூழலிலும் இரண்டு வாய்தாக்களுக்கு மேல் கூடாது. தக்க வழக்குகளில் அரசுத் தரப்போ எதிர்த்தரப்போ செலவுத்தொகை செலுத்துமாறு உத்தரவிடலாம். அந்த அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்தி, வீணாக அலைந்த சாட்சிக்கு அத்தொகையை அளிக்கலாம். ஒவ்வொரு வாய்தாவையும் கேட்டவர் யார், காரணம் என்ன என்பதை வெளியிடலாம். காலியான நீதிபதி பணியிடங்களை உடனுக்குடன் நிரப்புவது அரசின் கடமை.

விலையில்லாத எதுவும் அளவின்றிச் செலவழிக்கப்படும். வாய்தாவுக்கு விலை வைக்காதவரை, அதற்கான விலையை நீதியே கொடுத்துக்கொண்டிருக்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), புதுச்சேரி.