வடகரைக் கைவேலைகள் – 9: உப்புக்காற்றும் மில்லிவாட்டும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளைப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர், கோளாறு பெட்டியிலா, ஏரியலிலா, இரண்டையும் இணைக்கும் கேபிளிலா என்பதை நிச்சயிப்பதற்குத் தம் காதையும் நெடுநாள் அநுபவத்தையுமே பெரிதும் நம்பியிருக்கிறார் என்பதைக் கண்ட பிறகுதான், ரேடியோ அலையின் சக்தியை அளக்கும் கருவி ஒன்றை உதிரி பாகங்களிலிருந்து நாமே கோத்தெடுக்கும் விஷயத்தை இத்தொடரில் எழுதலாமென்று எனக்குத் தோன்றிற்று. "கேக்குது சார், அப்போ செட்டு நல்லாத்தான் இருக்குது" என்பது அவருடைய சித்தாந்தம். செட்டுக்குக் காது இருப்பது வேறு, வாய் இருப்பது வேறு என்பதைச் சொல்லி விளக்குவதைக் காட்டிலும் அளந்து காட்டுவது எளிது.

நம் நகரத்துக்கு ரேடியோ வந்த வரலாறே உதிரி பாகங்களோடு தொடங்குகிறது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களைக் கொண்டு சிறியதொரு ஒலிபரப்பி அமைந்ததும், 1924 மே 16இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியதும், அவ்வருஷம் ஜூலை 31ஆம் தேதி 40 வாட் சக்தியில் ஒலிபரப்பு ஆரம்பமானதும், பணமுடையால் 1927இல் அது ஓய்ந்து, 1930 ஏப்ரல் முதல் தேதி நகரசபை அப்பணியை மேற்கொண்டதும் பலரும் அறிந்தவை. அக்காலத்து ஒலிபரப்பிகளின் சக்தியை அறிய, ஏரியலுக்குச் செல்லும் மின்னோட்டத்தால் மெல்லிய கம்பியொன்று சூடேறி நீளுவதை முள்ளால் காட்டும் அம்மீட்டரே கதியாயிருந்தது. வாட் கணக்கில் உள்ளதை அது காட்டும். மில்லிவாட்டில் ஒரு சிறு பின்னத்தை அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

இன்று அவ்வேலையை ஒரு விரல்நுனியில் அடங்கும் ஏ.டி.8307 என்னும் எட்டுக்கால் சிப் செய்துவிடுகிறது. அமெரிக்க அமெச்சூர்களான வெஸ் ஹேவார்டும் பாப் லார்கினும் 2001 ஜூன் மாதத்து க்யூ.எஸ்.டி. இதழில் இதை வைத்து எளிய சக்திமானி ஒன்றை விவரித்த பிறகு, அதைத் தழுவிய கிட்டுகள் பல தோன்றின. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் தமது ஸ்வீப்பரினோ என்னும் பரிசோதனைக் கருவியிலும் இதே சிப்பைத்தான் அமர்த்தியிருக்கிறார். இதன் விசேஷம் யாதெனில், உள்ளே வரும் சக்தி பத்து மடங்கு பெருகுந்தோறும், அதாவது 10 டெசிபல் ஏறுந்தோறும், வெளியே வரும் மின்னழுத்தம் கால் வோல்ட் மட்டுமே உயர்கிறது என்பது. ஆகையால் தம்முள் நூற்றைம்பது கோடி மடங்குக்கு மேல் வேறுபடும் சக்திகளையும் ஏறத்தாழ 2.3 வோல்ட் இடைவெளிக்குள் அடக்கி, சாதாரண மல்டிமீட்டரிலேயே படித்துவிடலாம்.

கிட்டைப் பிரித்தால் பொருள்கள் சொற்பம்: சிப், சில மின்தேக்கிகள், 9 வோல்ட் பாட்டரியை 5 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர், ஒரு பி.என்.சி. சாக்கெட், 52.3 ஓம் தடை ஒன்று. இந்த விசித்திரமான எண்ணைக் கண்டு அச்சுப்பிழையென்று கருதி, கையிலிருக்கும் ஏதோ ஒரு தடையைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. சிப்பின் உள்நுழைவு 1,100 ஓம், அதனோடு 52.3 பக்கவாட்டில் சேர்ந்தால்தான், ரேடியோ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட 50 ஓம் கிடைக்கும். சால்டரிங் வேலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கால்களுக்கிடையே 1.27 மில்லிமீட்டர்தான் என்பதால் கூரிய முனையும் நல்ல வெளிச்சமும் வேண்டும், அவ்வளவே.

ஆனால் கோத்து முடித்த மாத்திரத்தில் அது கருவியாகிவிடுவதில்லை. அது ஏதோ ஒரு எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணுக்கு அர்த்தம் இன்னதென்று நாம் நிர்ணயிக்கும் வரையில், சொல்வதை நம்புவதற்கு ஆதாரமில்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஆயத்தக் கருவிகளை விட்டுவிட்டுக் கிட்டின் பின்னால் அலைவதற்கு நான் கூறும் நியாயம் இந்த ஒன்றுதான். 10 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஆசிலேட்டரின் வெளிப்பாட்டை வடிகட்டித் தூய ஸைன் அலையாக்கி, 50 ஓம் தடையின்மேல் ஆசிலாஸ்கோப்பில் உச்சிக்கு உச்சி 632 மில்லிவோல்ட் வரும்படி திருத்தினால், அது சரியாக ஒரு மில்லிவாட். அதைக் கருவிக்குள் செலுத்தும்போது மல்டிமீட்டர் ஏறத்தாழ 2.1 வோல்ட் காட்ட வேண்டும். இடையில் 20 டெசிபல் குறைப்பான் ஒன்றைச் செருகினால் அது 1.6க்கு இறங்க வேண்டும். இவ்விரண்டு புள்ளிகளையும் கட்டம் போட்ட தாளில் குறித்துக் கோடு இழுத்து, அந்தத் தாளையே கருவியின் முதுகில் ஒட்டிவிடுவது என் வழக்கம்.

அடுத்த சோதனை, ஒன்றும் செலுத்தாத நிலையில் அது என்ன சொல்கிறதென்பது. முள்ளில்லாத மீட்டர் மௌனமாயிருக்கும் என்று எண்ணி, ராயபுரத்து மொட்டைமாடியில் திறந்த பலகையாக வைத்தபோது, அது அடங்க மறுத்தது. பண்பலை நிலையங்களும், கைப்பேசிக் கோபுரங்களும், துறைமுகத்து இழுவைப் படகுகளின் பேச்சும் நிறைந்த இந்த வானத்தில், ஓரங்குலக் கம்பியும் ஏரியலாகிவிடுகிறது. நெய் டின்னை வெட்டி மூலைகளில் ஈயம் பற்றவைத்த பெட்டிக்குள் அடைத்த பிறகே, எண் கால் வோல்ட்டுக்கு அருகில் வந்து நின்றது.

இனி, காசிமேட்டு விவகாரம். படகுச் செட்டுகள் 156.8 மெகாஹெர்ட்ஸில் அமைந்த 16ஆம் சானலைச் சுற்றி இயங்குபவை. முழுச் சக்தி 25 வாட், குறைந்த சக்தி ஒரு வாட். ஒரு வாட்டைக்கூட நேராகச் சிப்புக்குள் விடுவது அதைக் கொல்வதாகும். ஆகவே அலையை வானில் விடாமல் வெப்பமாக்கும் போலிச் சுமைத் தடை ஒன்றை வைத்து, அதன் தலையிலிருந்து 820 ஓம் தடைகள் மூன்றைத் தொடராகக் கோத்து, கருவியின் வாயில் 51 ஓம் ஒன்றைக் குறுக்கே போட்டால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே வரும். செட்டைக் குறைந்த சக்தியில் வைத்துக் குட்டைக் கேபிள் வழியாகப் பார்த்தபோது 1.85 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டிற்று. 10 மெகாஹெர்ட்ஸில் போட்ட கணக்கு இவ்வளவு உயரத்தில் கொஞ்சம் தளரும் என்பதால் அந்த எண்ணை நான் பொருட்படுத்தவில்லை, வித்தியாசமே வேண்டியது. படகிலிருந்து கழற்றி வந்த கேபிளை நடுவில் மாட்டியதும் எண் 125 மில்லிவோல்ட் இறங்கிற்று. ஐந்து டெசிபல்: ஏரியலுக்குப் போக வேண்டிய சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கேபிளுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. கரையருகே இருக்கும்போது வலுவான நிலையங்கள் இந்தக் கேபிளிலும் கேட்கத்தான் கேட்கும். தூரத்தில் நின்று கூப்பிடும்போதுதான் பதில் வராது.

நண்பர் கேபிளின் மேல்தோலைச் சீவினார். கனெக்டர் வழியே இறங்கிய உப்புநீர் செம்புப் பின்னலைப் பச்சை பூக்கவைத்து, ஒரு முழத்துக்கும் அப்பால் ஏறியிருந்தது. செட்டைத் திறக்காமலே கேபிளை மாற்றச் சொல்லியாயிற்று. பிறகு கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதே மாதிரி ஒண்ணு எனக்கும் போட்டுக் குடுங்க சார். ஆனா டப்பா மட்டும் பிளாஸ்டிக்குல இருக்கட்டும், டின்னு இந்தக் காத்துக்கு ஒரு மழைகூடத் தாங்காது" என்றார். பிளாஸ்டிக்கில் வைத்தால் துறைமுகமே உள்ளே வந்து பேசும் என்று நான் சொல்ல, அவர் ஒப்பவில்லை. ஒருவாறாக, கனமான வார்ப்பு அலுமினியப் பெட்டி, மூடிக்கு ரப்பர் வளையம், செலவு அவருடையது என்ற ஏற்பாட்டுக்கு இருவரும் வந்திருக்கிறோம்.