உயரத்தில் வைத்ததால் மறைந்த விளக்கு

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்குத் தெற்கே, நன்னம்பிக்கை முனையை அடுத்து 'கேப் பாயின்ட்' என்ற பாறை முனை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. 1488-இல் போர்த்துகீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ் சுற்றிவந்த கடற்பகுதி இது. ஆப்பிரிக்காவின் தென்கோடி இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான தென்கோடி, தென்கிழக்கே தள்ளியிருக்கும் அகுல்யாஸ் முனை.

1860-இல் இந்தப் பாறையின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரத்தில், கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். உயரம் கூடினால் வெளிச்சம் தூரம் போகும் என்பது கணக்கு. மூடுபனி அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. மேகம் உச்சியைப் போர்த்திக்கொள்ளும் இரவுகளில், கீழே வரும் கப்பல்களுக்கு வெளிச்சமே தெரியாது. 1911-இல் 'லூசிடானியா' என்ற போர்த்துகீசியக் கப்பல் அருகிலிருந்த பாறையில் மோதி உடைந்தது. அதன் பிறகுதான் 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கம் வந்தது. 1919 முதல் எரிகிறது.

செங்குத்துப் பாறை இடுக்குகளில் நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. மேலே, காற்றுக்குப் பணிந்து குட்டையாகவே வளரும் புதர்க்காட்டில் நெருப்புக்கோழியும் போன்டேபோக் மானும் மேய்கின்றன.

ஆனால், இந்த இடத்தின் நாயகர்கள் சாக்மா பபூன் குரங்குகள்தான். கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரைக்கு இறங்கி, பாறையில் ஒட்டிய சிப்பிகளைப் பெயர்த்துத் தின்னும். குரங்கினத்தில் இது அபூர்வம். கார் கதவைத் திறக்கவும் அவற்றுக்குத் தெரியும்! அவற்றுக்கு உணவு கொடுப்பது அங்கே சட்டப்படி குற்றம்.