டயருக்கு வயது என்ன?

குக்கர் மூடியிலுள்ள ரப்பர் வளையம் கிழியவில்லை; பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விறைத்துப் போய்விட்டால் மாற்றிவிடுகிறீர்கள் அல்லவா? அதே கண்ணோடு வாசலில் நிற்கும் காரையும் ஒரு முறை பாருங்கள்.

"நம் வண்டி எங்கே ஓடுகிறது? கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தானே! டயரில் பட்டன் அப்படியே இருக்கிறதே!" என்று வீட்டுக்காரர் சொல்லக்கூடும். பட்டன் இருப்பது வாஸ்தவம். ஆனால் ரப்பருக்கு மூப்பு ஓட்டத்தினால் மட்டும் வருவதில்லை. வெயிலும் உஷ்ணமும் காற்றும் நின்ற இடத்திலேயே அதை இறுகச் செய்கின்றன. வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அடுக்குகளின் பிடிப்புத் தளர்கிறது. கோடையில், குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அது பிய்த்துக்கொண்டால் என்ன ஆகும்?

டயரின் வயதை அறிய ஜோசியர் வேண்டாம். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில், அதாவது ஜூன் மாதத்தில் பிறந்தது என்று பொருள். ஒரு பக்கம் காணாவிட்டால் மறு பக்கம் தேடுங்கள். புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்தே வாங்குங்கள்.

கார் கம்பெனிகள் சில, ஆறு ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்கின்றன. மிஷ்லின் டயர் கம்பெனியோ, ஐந்து ஆண்டு ஆனபின் வருஷந்தோறும் பரிசோதிக்கவும், பத்து ஆண்டானால் பட்டன் எப்படியிருந்தாலும் கழற்றிவிடவும் சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கு ஆறு என்ற கணக்கே உத்தமம்.

பக்கவாட்டில் வெடிப்போ புடைப்போ கண்டால் வயதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பட்டன் இடுக்கில் சின்னஞ்சிறு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் ஆயுள் முடிந்தது.

நான்கையும் ஒரேயடியாக மாற்றினால் பட்ஜெட் இடிக்குமே என்கிறீர்களா? அபாய அறிகுறி இல்லாவிட்டால் இரண்டிரண்டாக மாற்றலாம். புதிய ஜோடி பின்பக்கம் இருக்கட்டும். மழையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டியை அடக்குவது கஷ்டம்.

டிக்கியில் உறங்கும் ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். சாலையையே தொடாத அதற்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஐந்து டயர்களின் இலக்கங்களையும் இன்றே வீட்டுக் கணக்கு நோட்டில் குறித்து வையுங்கள். குழந்தைகளின் பிறந்தநாளை நினைவில் வைக்கும் உங்களுக்கு இது ஒரு பாரமா, என்ன?